நடவு மிஷின் கிளம்பவில்லையா? கயிறு இழுப்பதை முதலில் நிறுத்துங்கள்

மேட்டூர் திறக்கும் ஜூன் 12 நெருங்கினால் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை கொட்டகைகளில் நடவு மிஷின்கள் வெளியே வரும். தாளடி (குறுவைக்கு அடுத்த போகம்) நடவு முடிந்து கார்த்திகையில் உள்ளே தள்ளியது. ஆறேழு மாதம் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இழுத்தால் கிளம்பாது. ஆள் மாற்றி ஆள் இழுப்பார்கள், கயிறு அறுந்து போகும். அப்போதும் என்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதில் அவசரம் எங்கே வருகிறது என்றால் நாற்றில். மிஷினுக்கென்று பாய் போல வளர்க்கும் பாய் நாற்றங்கால் நாற்றை 15 முதல் 18 நாளுக்குள் நட்டுவிட வேண்டும். அதைத் தாண்டினால் நாற்று உயர்ந்து, வேர் பின்னி, நாற்றை எடுத்து நடும் மிஷின் விரல் கிள்ளும்போது கொத்தாகப் பிய்ந்து வரும். ஆகவே மிஷினை நடவு நாளில் கிளப்பிப் பார்ப்பது வீண் வேலை. விதை ஊறப்போடும் அன்றைக்கே என்ஜினை ஓட்டிப் பாருங்கள். கிளம்பவில்லை என்றாலும் இரண்டு வாரம் கையில் இருக்கும். சீசன் தொடங்கிவிட்டால் மெக்கானிக் போனையே எடுக்க மாட்டார்.

இங்கே சொல்வது பெட்ரோல் என்ஜின் வைத்த நான்கு வரிசை நடந்து ஓட்டும் மிஷினுக்கும், உட்கார்ந்து ஓட்டும் ஆறு வரிசை மிஷினுக்கும் பொருந்தும். நான்கு ஸ்ட்ரோக் பவர் வீடர், சிறிய பெட்ரோல் பம்பு எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய இதே என்ஜின்தான். டீசல் மிஷின் வேறு கதை. அதில் பொறி தரும் பிளக்கும் இல்லை, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரும் இல்லை. பெரும்பாலும் லைனில் காற்று பிடித்திருக்கும், அல்லது ஃபில்டரில் தண்ணீர் நிற்கும்.

ஸ்பேனரைத் தொடும் முன் நான்கு விஷயம். பெட்ரோல் காக் திறந்திருக்கிறதா? என்ஜின் சுவிட்ச் ஆனில் இருக்கிறதா? சோக் (குளிர்ந்த என்ஜின் கிளம்பக் காற்றைக் குறைக்கும் மூடி) முழுதாக மூடியிருக்கிறதா? ஆயில் அளவு சரியா? கடைசியாகச் சொன்னதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பல என்ஜின்களில் ஆயில் குறைந்தால் கரண்டையே வெட்டிவிடும் சென்சார் உண்டு. ஆயில் சரியாக இருந்தாலும், மிஷின் சாய்வாக நின்றால் சென்சார் குறைவு என்றே எடுத்துக்கொள்ளும். கொட்டகை வாசல் சரிவில் நிறுத்தி இழுத்துக்கொண்டிருக்காமல் சமதளத்துக்குக் கொண்டு வாருங்கள்.

ஆயில் குச்சியை எடுத்த கையோடு மோந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, அளவு மேல் கோட்டைத் தாண்டி நின்றாலோ, கார்புரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்தும் நீடில் சரியாக மூடாமல் டாங்க் பெட்ரோல் உள்ளே இறங்கியிருக்கிறது. அந்த ஆயிலோடு என்ஜினை ஓட்டக் கூடாது. பெட்ரோல் கலந்த ஆயிலுக்கு வழவழப்பு இருக்காது, பேரிங் போய்விடும். முழுதாக வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். இந்த அளவு என்ஜினுக்குப் பெரும்பாலும் அரை லிட்டரைச் சற்றுத் தாண்டிப் பிடிக்கும். நம்மூர் வெயிலுக்கு எஸ்.ஏ.இ. 30 போதும், 10டபிள்யூ-30 ஊற்றினாலும் தப்பில்லை.

இனி பெட்ரோல். டாங்கில் இருப்பது பழைய பெட்ரோல் என்றால் அதைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். மேலே ஒரு லிட்டர் புதுசு ஊற்றிச் சமாளிக்கலாம் என்று எல்லோரும் நினைப்பதுண்டு, பாதி நேரம் அது நடக்காது. குளிர்ந்த என்ஜினில் முதல் வெடிப்பு நடக்கக் காரணமே பெட்ரோலில் இருக்கும் லேசான பாகம், சட்டென்று ஆவியாகும் பாகம். மாதக்கணக்கில் நின்றால் அதுதான் முதலில் பறந்து போகிறது. மீதி கனமான பாகம் காற்றோடு சேர்ந்து பிசினாகிறது. போதாததற்கு இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். கார்த்திகை மழையில் டெல்டா காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? பாதி டாங்க் காலியாக இருந்தால் அந்த இடம் முழுக்க ஈரக்காற்று. ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டருக்குப் போகும் குழாய் தொடங்குவதும் அதே அடியில்தான்.

சந்தேகம் இருந்தால் குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பதினைந்து நிமிடம் ஆடாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காக நின்றால் தண்ணீர். நிறம் கறுத்து, பழைய வார்னிஷ் டப்பா வாடை அடித்தால் பெட்ரோல் கெட்டது. வடித்ததை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். மூடி போட்ட கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடலாம். டாங்க் அடியில் இருக்கும் சல்லடை, வழியில் இருக்கும் சிறிய ஃபில்டர் இரண்டையும் இப்போதே பாருங்கள். ஃபில்டருக்கு அப்புறம் குழாயில் பெட்ரோல் சொட்டுச் சொட்டாக வந்தால் பத்தாது, தொடர்ந்து ஓடி வர வேண்டும். ரப்பர் குழாய் வெடித்திருந்தாலோ, அமுக்கினால் பிசுபிசுவென்று ஒட்டினாலோ மாற்றிவிடுங்கள்.

புது பெட்ரோல் ஊற்றி, சோக் போட்டு, நாலைந்து தடவை இழுங்கள். கிளம்பவில்லை என்றால் அதோடு நிறுத்திவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். அடுத்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அந்தப் பிளக்கே சொல்லிவிடும்.

பிளக் முனை காய்ந்து, பெட்ரோல் வாடையே இல்லாமல் இருந்தால் உள்ளே பெட்ரோல் போகவில்லை, கார்புரேட்டர் பக்கம் போங்கள். முனை நனைந்திருந்தால் பெட்ரோல் போகிறது, ஆனால் எரியவில்லை. கரண்ட் வரவில்லை, அல்லது இழுத்து இழுத்துப் பெட்ரோல் ஓவர் ஆகியிருக்கிறது. ஓவர் ஆனதற்கு வைத்தியம் எளிது. பெட்ரோல் காக்கை மூடி, சோக்கைத் திறந்து, பிளக் இல்லாமல் ஏழெட்டு தடவை இழுத்தால் உள்ளே தேங்கியது வெளியே வந்துவிடும். அப்போது பிளக் கேப்பைத் துளைக்குப் பக்கத்தில் தொங்கவிடாமல் தள்ளி எர்த்தில் சேர்த்து வையுங்கள். துளையிலிருந்து வருவது பெட்ரோல் ஆவி, ஒரு பொறி போதும்.

கரண்ட் பார்க்கும்போதும் இந்த எச்சரிக்கை உண்டு. பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் மரையை என்ஜின் இரும்பில், பிளக் துளையிலிருந்து தள்ளி அழுத்தி வைத்து ஒருவர் இழுக்க, நிழலில் பாருங்கள். நீல நிறத்தில் 'டக் டக்' என்று சத்தத்தோடு பொறி வந்தால் சரி. மஞ்சளாக மெலிந்து வந்தால் பலவீனம். இந்த இடத்தில் பழைய பிளக்கைத் தேய்த்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. புது பிளக் மலிவு, நடவு கூலி நாள் அப்படியல்ல. பழைய பிளக்கைக் கடைக்கு எடுத்துப் போய் அதே நம்பர் கேளுங்கள். நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கும். இந்த வகை என்ஜின்களில் முனை இடைவெளி பொதுவாக 0.7 முதல் 0.8 மி.மீ. வரை, உங்கள் மிஷின் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

புது பிளக்கிலும் பொறி இல்லையா? என்ஜினை அணைப்பதற்கென்று பொறிக்குக் கரண்ட் தரும் காயிலிலிருந்து சுவிட்சுக்குப் போகும் ஒற்றை வயரைக் கழற்றிவிட்டு இழுத்துப் பாருங்கள். இப்போது பொறி வந்தால் காயில் நன்றாக இருக்கிறது. கோளாறு சுவிட்சில், ஆயில் சென்சாரில், அல்லது அந்த வயரில். வயர் என்றால் டெல்டாவில் முதல் குற்றவாளி எலி. வைக்கோல் போர் பக்கத்தில் கொட்டகை, உள்ளே மூடிபோட்ட கதகதப்பான மிஷின், எலி வேறெங்கே போகும்? கடித்த வயர் இரும்பில் பட்டால் சுவிட்ச் எப்போதும் ஆஃபில் இருக்கிற மாதிரிதான். வயரைச் சரிசெய்து மறுபடி மாட்டாமல் என்ஜினை ஓட்டாதீர்கள், அணைக்க வழியில்லாமல் போகும். வயரைக் கழற்றியும் பொறி வராவிட்டால் கயிறு இருக்கும் ரீகாயில் மூடியைக் கழற்றி, உள்ளே காந்தத்தோடு சுற்றும் ஃப்ளைவீலைப் பாருங்கள். காந்தத்தின் முகமும் காயிலின் இரண்டு கால்களும் துருப்பிடித்திருக்கும். கடற்கரை ஓரம், வேதாரண்யம் பக்கமெல்லாம் இது சாதாரணம். மெல்லிய உப்புத்தாளால் துருவை எடுத்து, காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டை வைத்து, காந்தம் இழுக்கவிட்டு போல்ட்டை இறுக்கிப் பிறகு கார்டை உருவுங்கள். 0.3 மி.மீ.க்கு நெருக்கமான இடைவெளி கிடைத்துவிடும்.

இவ்வளவும் சொன்னாலும், நின்ற மிஷினில் பெரும்பாலும் மாட்டுவது கார்புரேட்டர்தான். அதைக் கழற்றும் முன் ஒரு சோதனை: காய்ந்த பிளக்கைக் கழற்றி, துளை வழியாக அரை டீஸ்பூன் புது பெட்ரோல் விட்டு, பிளக்கைப் போட்டு, வெளியே சிந்தியதைத் துடைத்துவிட்டு இழுங்கள். இரண்டு மூன்று நொடி ஓடிவிட்டு நின்றால் கரண்டும் கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் பலம்) நன்றாக இருக்கின்றன, கார்புரேட்டர்தான் அடைத்திருக்கிறது என்று உறுதி. ஸ்ப்ரே டப்பாவில் வரும் ஸ்டார்ட்டிங் திரவத்தை அடித்து அடித்துக் கிளப்புகிறவர்கள் உண்டு. என்ஜினுக்கு அது அடி. அடைப்பும் போகாது.

பெட்ரோல் காக்கை மூடி, கீழே ஒரு தட்டு வைத்து, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி போல்ட்டைக் கழற்றுங்கள். பலவற்றில் 10 நம்பர் ஸ்பேனர். கிண்ணத்தின் உள்ளே பாருங்கள். பச்சையாகப் பிசின், அடியில் வெள்ளைப் பொடி, சில சமயம் ஜெல்லி போல ஒரு கட்டி. வெள்ளைப் பொடி தண்ணீர் தங்கி உலோகம் அரித்ததன் அடையாளம். அதைச் சுரண்டி எடுத்து, கிண்ணம் ஓட்டையாகியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

நடுத்தண்டின் உள்ளே பித்தளையில் மெயின் ஜெட், அதாவது பெட்ரோல் வரும் துளை போட்ட திருகு, இருக்கும். காடிக்குச் சரியாகப் பொருந்தும் அகலமான ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கழற்றுங்கள். சிறியதை வைத்துத் திருகினால் பித்தளைக் காடி வழுக்கிப் போகும், பிறகு ஜெட்டை எடுக்க முடியாது. எடுத்ததும் சூரியனை நோக்கிப் பிடியுங்கள். ஒரு மி.மீ.கூட இல்லாத துளை அது, முழு வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தால் ஓரத்தில் பிசின் இருக்கிறது. மின்சார வயரைப் பிரித்து ஒற்றைச் செம்பு இழையால் குத்தி எடுங்கள். ஊசியோ இரும்புக் கம்பியோ வேண்டாம். பித்தளையைவிட இரும்பு கடினம், துளை பெரிதாகிவிட்டால் என்ஜின் ஆயுளுக்கும் கரும்புகை விடும், பெட்ரோல் குடிக்கும். ஜெட்டுக்கு மேலே ஒரு குழல் நிற்கும், தண்டு கீழே பார்க்கும்படி கார்புரேட்டரைப் பிடித்துத் தட்டினால் விழும். அதன் பக்கவாட்டில் வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கும். ஜெட்டை மட்டும் சுத்தம் செய்து இதை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. ஒவ்வொரு துளையும் திறக்க வேண்டும்.

அடுத்தது பைலட் ஜெட், மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடுவது. ஐடிலிங் ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில், பல மாடல்களில் பிளாஸ்டிக் தலையோடு இருக்கும். இதன் துளை மெயினைவிடச் சின்னது, ஆகவே முதலில் அடைவதும் இதுதான். கிளம்புகிறது, ஆனால் சோக்கைத் திறந்தால் நின்றுவிடுகிறது என்று சொல்லும் மிஷினில் பாதிக்கு மேல் கோளாறு இங்கேதான். காற்று ஸ்க்ரூ தனியாக இருந்தால், கழற்றும் முன் மெதுவாக உள்பக்கம் திருகி எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அதே சுற்று வெளியே. அழுத்தி இறுக்கினால் ஊசிமுனை நசுங்கும்.

மிதவையையும் நீடிலையும் எடுத்த பிறகே ஸ்ப்ரே அடியுங்கள். கார்புரேட்டர் கிளீனர் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். உலோக உடம்பில் கண்ணுக்குத் தெரிகிற ஒவ்வொரு துளையிலும் அடித்து, இன்னொரு பக்கம் வெளியே வருகிறதா என்று பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எந்தத் துளையிலிருந்து முகத்துக்கு வரும் என்று சொல்ல முடியாது. பத்து நிமிடம் ஊறவிட்டுக் காற்றடியுங்கள். வீட்டில் கம்ப்ரஸர் இல்லையென்றால் பஞ்சர் கடைக்கு எடுத்துப் போனால் ஒரு நிமிட வேலை.

நீடிலின் முனையில் ரப்பர் இருந்தால் அதில் வளையமாகத் தடம் விழுந்திருக்கிறதா பாருங்கள். தடம் இருந்தால் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஓவர்ஃப்ளோ. மாட்டிய பிறகு கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, மிதவையின் எடையே நீடிலை மூடட்டும், பெட்ரோல் குழாயில் வாயால் ஊதுங்கள். காற்று போகக் கூடாது. நேராகத் திருப்பினால் போக வேண்டும். கிண்ணத்தின் ரப்பர் வளையம் பெட்ரோலில் ஊறிப் பெருத்து, காடியில் உட்காராமல் அடம்பிடிக்கும். வெயிலில் கொஞ்ச நேரம் காயவைத்தால் சுருங்கிவிடும். அதற்காக கேஸ்கெட் பேஸ்ட் தடவாதீர்கள். பேஸ்ட் பெட்ரோலில் பிய்ந்து, நீங்கள் இப்போதுதான் திறந்த ஜெட்டையே போய் அடைக்கும். கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவிலிருக்கும் பேப்பர் பேக்கிங் கிழிந்திருந்தால் புதுசு போடுங்கள். அங்கே காற்று புகுந்தாலும் சோக் இல்லாமல் ஓடாது.

கிளம்பி, ஐந்து பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மூச்சு வாங்கி நிற்கிறதா? டாங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது நிற்காமல் ஓடினால் மூடியில் இருக்கும் காற்றுத்துளை அடைந்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க டாங்கில் வெற்றிடம் உண்டாகி, ஒரு கட்டத்தில் வராமலே நின்றுவிடும். அடைத்தது பெரும்பாலும் குளவி. சேறு குழைத்துக் கூடு கட்டுகிற குளவிக்கு அந்தத் துளை பிடிக்கும், சைலன்சர் வாயும் பிடிக்கும். என்ஜினைக் கிளப்பும் முன் சைலன்சருக்குள் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். ஏர் ஃபில்டர் மூடியையும் திறந்துவிடுங்கள், எலி வைக்கோல் சேர்த்து வைக்கிற இடம் அது.

கயிறே நகரவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். நடவு லிவரும் கியரும் நியூட்ரலில் இருக்கிறதா பார்த்துவிட்டு, பிளக்கைக் கழற்றி இழுங்கள். அப்போது சுற்றினால் சிலிண்டருக்குள் பெட்ரோல் நிரம்பியிருந்தது என்று அர்த்தம். அப்படியும் சுற்றாவிட்டால் சிலிண்டர் துரு. பிளக் துளையில் 10 மில்லி என்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் ஃப்ளைவீலைக் கையால் இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். நட்டில் நீளப் பைப்பு போட்டு முறுக்கினால் ஏதாவது ஒன்று உடையும். நேர்மாறாக, கயிறு எந்த எதிர்ப்பும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் வால்வு திறந்தபடி ஒட்டியிருக்கலாம். ஆனால் இந்த என்ஜின்கள் பலவற்றில் எளிதாக இழுப்பதற்காக மெதுவான வேகத்தில் கம்ப்ரஷனைக் கசியவிடும் அமைப்பு உண்டு. ஆகவே மெல்ல இழுத்துப் பார்த்துவிட்டு 'கம்ப்ரஷன் போச்சு' என்று யாராவது சொன்னால் உடனே என்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள்.

உட்கார்ந்து ஓட்டும் மிஷினில் இதோடு பேட்டரியும் சேர்ந்துகொள்ளும். மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.0 என்றால் ஏறக்குறைய காலி. மாதக்கணக்கில் காலியாகவே கிடந்திருந்தால் தகட்டில் உப்பு இறுகி, சார்ஜ் ஏறினாலும் நிற்காது. சார்ஜ் போடும்போது பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர்-அவரில் (ஏ.எச்.) பத்தில் ஒரு பங்கு போதும். 28 என்று எழுதியிருந்தால் 2.8 ஆம்பியர், ஒரு ராத்திரி. சார்ஜ் ஏற்றிய பின் செல்ஃப் ஸ்டார்ட்டர் அடிக்கும்போதே மீட்டரைப் பாருங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி மாற்ற வேண்டியதுதான்.

பேட்டரி நன்றாக இருந்து, சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் டெர்மினலையும் எர்த் கேபிளையும் பாருங்கள். கேபிள் சேஸிஸில் போல்ட் போட்ட இடத்தில் பெயின்டுக்குக் கீழே துரு இருக்கும். கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து மாட்டி, மேலே கிரீஸ். டிக் சத்தமே வராவிட்டால் முதலில் ஃபியூஸ், அடுத்து பாதுகாப்பு சுவிட்சுகள். பெடலை முழுதாக மிதித்து, லிவர் நியூட்ரலில் இருந்தால்தான் செல்ஃபுக்குக் கரண்ட் போகும். பெடலுக்கு அடியில் காய்ந்த சேறு பாறையாக இறுகி, சுவிட்சை அமுங்கவிடாமல் தடுப்பது ரொம்ப சகஜம். ஒரு வாளி தண்ணீரும் பிரஷும் போதும். சுவிட்ச் கெட்டுவிட்டதென்று வயரை நேராகச் சேர்த்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கியரில் இருக்கும்போது கிளம்பி ஆளை வரப்பில் சாய்க்கும், அதைச் செய்யாதீர்கள்.

கிளம்பிய பின் பாரம் இல்லாமல் பத்து நிமிடம் ஓடட்டும். சிலிண்டரில் ஆயில் விட்டிருந்தால் முதலில் புகை வரும், தானே நின்றுவிடும். அதன் பிறகு நடவு லிவரைப் போட்டு விரல்கள் சுற்றுகின்றனவா என்று பாருங்கள். அங்கே கிரீஸ் காய்ந்து இறுகியிருந்தால், என்ஜின் கிளம்பியும் வயலில் நிற்கும்.

அடுத்த தாளடி முடிந்து உள்ளே தள்ளும்போது செய்ய வேண்டியது அரை மணி நேர வேலைதான். சேற்றைக் கழுவிக் காயவிடுங்கள். டாங்க் பெட்ரோலை முழுதாக வடித்து பைக்குக்கு ஊற்றிக்கொள்ளுங்கள், அன்றைக்கு அது நல்ல பெட்ரோல்தான். என்ஜின் தானாக நிற்கும் வரை ஓட்டி, அப்புறமும் கிண்ணத்தின் வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து மிச்சத்தை வெளியேற்றுங்கள். ஓடி நின்ற பிறகும் கிண்ணத்தின் அடியில் ஒரு கரண்டி பெட்ரோல் தங்கும், ஜூனில் பிசினாவது அந்த ஒரு கரண்டிதான். சூடாக இருக்கும்போதே ஆயிலை மாற்றுங்கள். பிளக் துளையில் 5 மில்லி ஆயில் விட்டு இரண்டு தடவை மெல்ல இழுத்து, கயிறு இறுகும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது. பேட்டரியை மைனஸ் முதலில் கழற்றி வீட்டுக்குள் கொண்டு போய், மாதம் ஒரு தடவை சார்ஜ் போடுங்கள். சைலன்சர் வாயில் ஒரு துணியைச் செருகி, அதன் நுனியை எடுப்பாகத் தெரியும்படி வெளியே விடுங்கள்.